அமிலமும் நீரிலியும் உலோகத்தில் எதைப் பிடித்துக்கொள்கின்றன?

சேலத்தில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டது சுருக்கமாக இது. அலுமினியத் தகடு, எவர்சில்வர் தகடு, அப்பாவின் கொலுசுப் பட்டறையிலிருந்து எடுத்து வந்த வெள்ளித் தகடு மூன்றையும் ஸ்டியரிக் அமிலம் கரைத்த ஆல்கஹாலில் ஊறவைத்திருக்கிறார். அலுமினியத்தில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. வெதுவெதுப்பான ஆல்கஹாலில் அலசிய பிறகும் நின்றது. எவர்சில்வரிலும் ஓரளவு அப்படித்தான். வெள்ளியில் முதலில் நின்றது, அலசியதும் போய்விட்டது. இன்னொரு சோதனையில், மலேயிக் நீரிலி (தண்ணீரை இழந்த அமிலம்) ஏற்றிய பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் படலத்தைச் சூட்டோடு அழுத்தியபோது அது அலுமினியத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. "அமிலம் ஹைட்ரஜனை விட்டுவிட்டு ஒட்டுகிறது என்பது புரிகிறது. நீரிலியில் விடுவதற்கு ஹைட்ரஜனே இல்லையே, அது எப்படி ஒட்டுகிறது? மூலக்கூறு எந்த வாக்கில் நிற்கிறது என்று ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) பார்த்துச் சொல்ல முடியுமா? கொலுசு கறுக்காமல் இருக்க இது உதவுமா என்று அப்பா கேட்கிறார்" என்று எழுதியிருக்கிறார்.

எல்லாக் கேள்விகளுக்கும் வேர் ஒன்றுதான். நாம் உலோகம் என்று நினைத்துத் தொடுவது பெரும்பாலும் உலோகம் இல்லை. அலுமினியத் தகட்டைக் காற்றில் வைத்த கணமே அதன்மேல் ஆக்சைடு படர்ந்துவிடுகிறது. சில நானோமீட்டர் தடிமன்தான், ஆனால் முழுத் தகட்டையும் மூடிவிடும். அந்த ஆக்சைடின் மேல் பரப்பிலுள்ள ஆக்சிஜன்கள் காற்றின் ஈரத்தை வாங்கி ஹைட்ராக்சில் (ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் சேர்ந்த) தொகுதிகளாக மாறி நிற்கின்றன. அதற்கும் மேலே மெல்லிய தண்ணீர்ப் படலம். ஸ்டியரிக் அமிலம் வந்து சேரும்போது அதற்குக் கிடைப்பது இந்த ஹைட்ராக்சில்கள்தான். அடியில் இருக்கும் உலோக அலுமினியத்தை அது பார்ப்பதே இல்லை.

ஆகவே "அமிலம் எப்படி ஒட்டுகிறது?" என்பதை இரண்டு சின்னக் கேள்விகளாக உடைத்துக்கொள்ளுங்கள். பரப்பில் என்ன இருக்கிறது? அமிலம் விடும் புரோட்டானை (எலக்ட்ரான் இல்லாத ஹைட்ரஜனை) யார் வாங்கிக்கொள்கிறார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் உங்கள் மூன்று தகடுகளும் ஏன் மூன்று விதமாக நடந்துகொண்டன என்பது தானாகவே விளங்கும்.

முதலில் அலுமினியம். அலுமினா, அதாவது அந்த அலுமினிய ஆக்சைடு, காரத்தன்மை பக்கம் சாய்ந்தது. அதன் பரப்பு மின்சுமையில்லாமல் நடுநிலையில் நிற்கும் பி.எச். மதிப்பு ஏறக்குறைய 9. அதற்குக் கீழே இருக்கும்போதெல்லாம் பரப்பு புரோட்டானை வாங்கிக்கொண்டு நேர்மின்சுமை ஏறி நிற்கும். ஸ்டியரிக் போன்ற கொழுப்பு அமிலத்தின் தலையோ (அமிலத் தொகுதி இருக்கும் முனை) 5-க்குக் கிட்டத்தட்ட உள்ள பி.எச்.சிலேயே புரோட்டானை விட ஆரம்பித்துவிடும். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் பொருத்தம் அமைந்துவிட்டது. அமிலத்தின் புரோட்டான் பரப்பு ஹைட்ராக்சிலோடு சேர்ந்து தண்ணீராக வெளியேறுகிறது; காலியான அலுமினிய அயனியின் இடத்தில், புரோட்டானை இழந்த அமிலத் தலையான கார்பாக்சிலேட்டு உட்கார்ந்துகொள்கிறது. இதே அமிலத்தைக் கண்ணாடியில் பூசிப் பாருங்கள், சரியாகப் பிடிக்காது. கண்ணாடியில் முக்கியமாக இருக்கும் சிலிகாவின் அந்த நடுநிலை மதிப்பு 2 அளவில்தான். அதுவே ஓர் அமிலம், இன்னொரு அமிலத்தின் புரோட்டானை அது ஏன் வாங்கப் போகிறது? எதிர்ப்பக்கக் கோடியில் மக்னீசியா (மக்னீசியம் ஆக்சைடு) இருக்கிறது. கருப்பூர் பக்கம் வெட்டியெடுக்கும் மாக்னசைட்டைச் சுட்டால் கிடைப்பது அதுதான். அதன் நடுநிலை மதிப்பு 12-க்குப் பக்கத்தில். அமிலத்தை அது வாரி அணைத்துக்கொள்ளும்.

எவர்சில்வர் இவற்றுக்கு இடையில் நிற்கிறது. கஞ்சமலை அடிவாரத்தில் நம் உருக்காலை உருட்டித் தரும் துருப்பிடிக்காத எஃகின் மேல் இருப்பது குரோமியம் மிகுந்த ஆக்சைடு. அதன் தடிமன் ஒன்றிலிருந்து மூன்று நானோமீட்டர் வரை. அமிலம் அதில் பிடிக்கும், ஆனால் பரப்பு எவ்வளவு சுத்தமாக இருந்தது என்பதைப் பொறுத்துப் பலன் மாறும். உருட்டும்போது ஒட்டிய எண்ணெய்ப் பசை கொஞ்சம் மிச்சமிருந்தாலும் போச்சு. "ஓரளவு அப்படித்தான்" என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். காரக் கரைசலில் கழுவி, நிறைய வடிநீரில் அலசி, இன்னொரு முறை செய்து பாருங்கள்.

இப்போது வெள்ளி. வெள்ளிக்கு ஆக்சிஜன்மேல் அவ்வளவு பிடிப்பு கிடையாது. காற்றில் இருக்கும் வெள்ளியின் பரப்பில் ஆக்சிஜன் அங்கங்கேதான் இருக்கும், அதுவும் தளர்வாக. 1980 வாக்கில் வெற்றிடக் கலத்துக்குள் நடந்த சோதனைகள் இதை அழகாகக் காட்டின. துளி ஆக்சிஜனும் இல்லாத தூய வெள்ளிப் படிகத்தின் மேல் ஃபார்மிக் அமில ஆவியை விட்டால் அது சும்மா வந்து ஒதுங்கும். சூடாக்கினால் வந்தபடியே திரும்பிப் போகும். முன்கூட்டியே கொஞ்சம் ஆக்சிஜன் அணுக்களைப் பரப்பில் ஏற்றிவிட்டு அதே அமிலத்தை விட்டால், ஆக்சிஜன் புரோட்டானைப் பிடுங்கிக்கொள்ளும், தண்ணீர் உண்டாகும், புரோட்டானை இழந்த அமிலம், அதாவது ஃபார்மேட்டு, வெள்ளியில் தங்கிவிடும். தாமிரம் அப்படியில்லை. தூய தாமிரமேகூட ஃபார்மிக் அமிலத்தின் ஹைட்ரஜனைக் கழற்றிவிடும். அப்படி உண்டாகும் ஃபார்மேட்டு, தன் இரண்டு ஆக்சிஜன்களையும் பக்கத்துப் பக்கத்துத் தாமிர அணுக்கள் மேல் ஊன்றி, நிமிர்ந்து நிற்கும். அதைப் பிரிக்க ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் வேண்டும்.

உங்கள் வெள்ளியில் முதலில் தண்ணீர் முத்தாக நின்றதால், ஸ்டியரிக் அமிலம் உண்மையிலேயே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. கொழுப்பு அமிலங்கள் வெள்ளியில் ஒழுங்கான ஒற்றை அடுக்காகப் படியும் என்பது 1990-களிலேயே காட்டப்பட்டதுதான். ஆனால் அந்தப் பிணைப்பு வலுவில்லாதது. ஆல்கஹால் வெதுவெதுப்பாக வந்ததும் அது விட்டுக்கொடுத்துவிட்டது. சோதனை தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம்; ஆய்வேட்டில் இதை ஒரு முடிவாகவே எழுதலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். பட்டறைத் தகடு சுத்த வெள்ளி இல்லை, தாமிரம் கலந்தது. பற்றவைத்த சூட்டில் தாமிரம் மேலே ஆக்சைடாகி நிற்கும், அமிலம் அந்தத் தாமிர ஆக்சைடில் நன்றாகவே பிடிக்கும். பற்றவைக்க ஊதின தகடும், நீர்த்த அமிலத்தில் போட்டு வெளுத்தெடுத்த தகடும் ஒரே பலனைத் தரும் என்று எதிர்பார்க்காதீர்கள். எந்தத் தகடு எந்தக் கட்டத்தில் எடுத்தது என்று குறித்து வையுங்கள்.

சரி, நீரிலிக்கு வருவோம். ஹைட்ரஜன் எங்கே என்று கேட்டீர்கள். அது நீரிலியில் இல்லை, தகட்டில் இருக்கிறது.

நீரிலி என்பது இரண்டு அமிலத் தலைகள் ஒரு தண்ணீர் மூலக்கூற்றை இழந்து, நடுவில் ஓர் ஆக்சிஜனைப் பங்குபோட்டுக்கொண்டு சேர்ந்தது; உங்களுடையதில் அது ஒரு வளையம். அந்த நடு ஆக்சிஜனை இரண்டு பக்கத்துக் கார்பனைல்களும் (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புகளும்) இழுப்பதால், இரண்டு கார்பன்களும் எலக்ட்ரான் பஞ்சத்தில் இருக்கின்றன. பரப்பு ஹைட்ராக்சிலின் ஆக்சிஜன் அந்தக் கார்பன்களில் ஒன்றைத் தாக்குகிறது. வளையம் திறக்கிறது. திறந்த ஒரு முனை உலோக அயனியோடு ஆக்சிஜன் வழியாக இணைந்துவிட்டது. மறுமுனை, ஹைட்ராக்சிலிலிருந்து வந்த ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு சாதாரண கார்பாக்சிலிக் அமிலமாகிவிட்டது. அப்புறம் அந்த அமில முனை பக்கத்து ஹைட்ராக்சிலுக்குப் புரோட்டானைக் கொடுத்து, தண்ணீரை வெளியேற்றி, தானும் கார்பாக்சிலேட்டாக உட்கார்ந்துகொள்கிறது. ஆக நீரிலி பரப்பிலிருந்து ஹைட்ரஜனைக் கடன் வாங்கி, பரப்புக்கே திருப்பிக் கொடுக்கிறது.

இன்னொரு பாதையும் உண்டு. பரப்பின் மேல் இருக்கும் தண்ணீர்ப் படலமே வளையத்தைத் திறந்து, நீரிலியை இரட்டை அமிலமாக்கிவிடலாம். பிறகு அந்த இரட்டை அமிலம் வழக்கம்போலப் பிணையும். இரண்டு பாதையிலும் கடைசியில் கிடைப்பது ஒன்றுதான் என்பதால், முடிந்த பிறகு தகட்டைப் பார்த்து எந்தப் பாதையில் வந்தது என்று சொல்வது கடினம். நன்கு உலர்த்திய தகட்டோடு ஈரக்காற்றில் வைத்த தகட்டை ஒப்பிட்டுத்தான் ஏதாவது சொல்ல முடியும்.

உங்கள் பாலிப்ரொப்பிலீனில் இருப்பது மலேயிக் நீரிலி என்று சொல்வது வழக்கம். ஆனால் சங்கிலியோடு இணைந்த பிறகு அதன் இரட்டைப் பிணைப்பு போய்விட்டது. இப்போது அது சக்சினிக் நீரிலி வளையம். இதைச் சொல்லக் காரணம், ஐ.ஆர். நூலகத்தில் ஒப்பிடும்போது மலேயிக் நீரிலியின் நிறமாலையை எடுத்து வைத்துக்கொண்டு பொருந்தவில்லையே என்று குழம்பக் கூடாது. அடுத்து, படலத்தை மாதக்கணக்கில் திறந்து வைத்திருந்தால் காற்றின் ஈரத்தில் வளையங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து அமிலமாகியிருக்கும். உருக்கும் சூட்டில் அவை பெரும்பாலும் மீண்டும் மூடிக்கொள்ளும், அப்போது தண்ணீர் ஆவியாக வெளியேறி உருகலில் குமிழி விடும். பயன்படுத்துவதற்கு முன் படலத்தை உலர்த்தச் சொல்வது இதனால்தான்.

கடைசியில் கார்பாக்சிலேட்டாகத்தான் ஆகப் போகிறது என்றால் நேரே அமிலத்தையே ஏற்றியிருக்கலாமே என்று தோன்றும். அமிலத் தலைகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று கட்டிக்கொள்ளும். நீரிலிக்கு அந்தப் பழக்கம் இல்லை. பரப்பைச் சந்திக்கும்வரை தனியாகவே இருக்கும். ஒரு வளையம் திறந்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிடிமானம் கிடைக்கிறது என்பதும் லாபம். நடுவில் அலுமினியம் வைத்து உள்ளும் புறமும் பாலிஎத்திலீன் போர்த்திய தண்ணீர்க் குழாய்களில் இரண்டையும் ஒட்டுவது பெரும்பாலும் இப்படி நீரிலி ஏற்றிய பாலிஎத்திலீன்தான்.

பல் மருத்துவத்திலிருந்து ஒரு சான்று சொல்கிறேன், ஏனென்றால் நான் மேலே சொன்னதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் எனக்குத் தெரிந்து இல்லை. 1978 வாக்கில் ஜப்பானில் 4-மெட்டா என்ற ஒட்டுப்பொருள் வந்தது. ஒரு முனையில் ரெசினோடு சேரும் மெத்தக்ரிலேட்டு, மறுமுனையில் ட்ரைமெலிட்டிக் நீரிலி. கோபால்ட்-குரோமியம், நிக்கல்-குரோமியம் கலவைகளில் அது நன்றாகப் பிடித்தது. தங்கக் கலவைகளில் பிடிக்கவில்லை. தங்கத்துக்காகக் கந்தகம் கொண்ட வேறு மூலக்கூறுகளைத் தேட வேண்டியிருந்தது. நீரிலி அதேதான், மாறியது பரப்பு மட்டும். முதலிரண்டில் ஆக்சைடும் ஹைட்ராக்சிலும் இருந்தன, தங்கத்தில் இல்லை.

அதற்காக, ஹைட்ராக்சில் இல்லாத உலோகத்தில் நீரிலி பிணையவே பிணையாது என்று எழுதிவிடாதீர்கள். பெரிலீன் வளையத்தின் இரு முனைகளிலும் நீரிலி கொண்ட பி.டி.சி.டி.ஏ. என்ற சிவப்பு நிறமி மூலக்கூறை வெற்றிடத்தில் தூய வெள்ளிப் படிகத்தின் மேல் படியவைத்து நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அது தட்டையாகப் படுத்துக்கொள்கிறது, வளையம் திறப்பதில்லை. கார்பன் சட்டகம் வெள்ளி அணுக்களுக்கு மேலே 2.86 ஆங்ஸ்ட்ராம் உயரத்தில் இருக்கிறது. வெறும் ஒதுங்கலாக இருந்தால் இவ்வளவு நெருங்கி வராது. உலோகத்தின் எலக்ட்ரான்கள் மூலக்கூற்றுக்குள் பாய்வதும், முனையிலுள்ள கார்பனைல் ஆக்சிஜன்கள் வெள்ளியை நோக்கி வளைவதும் சேர்ந்து அதைப் பிடித்து வைக்கின்றன. தங்கத்தின் மேல் அதே மூலக்கூறு இன்னும் விலகி நிற்கிறது, தாமிரத்தில் இன்னும் நெருங்குகிறது. காற்றுக்கும் ஈரத்துக்கும் இடமில்லாத உலகம் அது. உங்கள் ஆய்வகத் தகடு அந்த உலகத்தைச் சேர்ந்ததல்ல.

அடுத்து ஐ.ஆர். இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், இங்கேதான் நிறைய ஆய்வேடுகள் வழுக்குகின்றன.

பிணையாத ஸ்டியரிக் அமிலத்தின் கார்பனைல் பட்டை 1700 செ.மீ.⁻¹ அருகில் வரும். அது மறைந்து, 1540-க்கும் 1610-க்கும் இடையில் ஒன்றும் 1400-க்கும் 1470-க்கும் இடையில் ஒன்றும் வந்தால் கார்பாக்சிலேட்டு உண்டாகியிருக்கிறது. முதலாவது இரண்டு ஆக்சிஜன்களும் மாறி மாறி நீளும் சமச்சீரற்ற அதிர்வு, இரண்டாவது சேர்ந்து நீளும் சமச்சீர் அதிர்வு. நீரிலிக்கோ 1780 அருகில் வலுவாகவும் 1850 அருகில் மெலிவாகவும் ஜோடியாக வரும். சூட்டில் அழுத்தி எடுத்த பிறகு அந்த ஜோடி குறைந்திருக்கிறதா, 1710-இல் அமிலமும் அதற்குக் கீழே கார்பாக்சிலேட்டும் எழுகின்றனவா என்று பாருங்கள். படலம் தடிமனாக இருந்தால் ஒட்டுமிடத்தில் நடப்பது உள்ளே புதைந்து தெரியாது. மிக மெல்லிய படலம் போட்டு எடுங்கள்.

கார்பாக்சிலேட்டு ஓர் ஆக்சிஜனால் பிடித்திருக்கிறதா, இரண்டாலுமா, இரண்டும் ஒரே உலோக அயனியிலா, பக்கத்துப் பக்கத்து அயனிகளிலா என்பதை அந்த இரண்டு பட்டைகளின் இடைவெளியை வைத்து ஊகிக்கும் வழக்கம் உண்டு. 1980-இல் டீக்கனும் பிலிப்ஸும் அசிட்டேட்டுச் சேர்மங்களின் தரவுகளைத் தொகுத்து எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது அது. இடைவெளி 200-க்கு நன்றாக மேலே போனால் ஓர் ஆக்சிஜன். 110-க்குக் கீழே இறங்கினால் ஒரே அயனியில் இரண்டு ஆக்சிஜன். நடுவில் வந்தால் பெரும்பாலும் பாலம்போல இரண்டு அயனிகளில். இது படிகச் சேர்மங்களுக்குக் கிடைத்த வழிகாட்டி. பரப்புக்குப் பொருத்தும்போது துணைச்சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பலரைக் குழப்பும் விஷயம் இனிமேல் வருவது. பளபளக்கும் தகட்டின் மேல் சாய்ந்த கோணத்தில் எதிரொளிப்பு முறையில் அளந்தால், பரப்புக்குச் செங்குத்தாக ஆடும் அதிர்வுகள் மட்டுமே தெரியும். படுக்கைவாக்கில் ஆடுபவற்றை உலோகத்தின் எலக்ட்ரான்கள் அணைத்துவிடும். கார்பாக்சிலேட்டு இரண்டு ஆக்சிஜன்களையும் ஒரே உயரத்தில் ஊன்றி நேராக நின்றால், சமச்சீரற்ற அதிர்வு பரப்புக்கு இணையாக அமைந்துவிடுகிறது. ஆகவே 1550 பக்கம் ஒன்றுமே வராது, 1400 பக்கம் மட்டும் ஓங்கி நிற்கும். வெள்ளியில் கொழுப்பு அமிலங்கள் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. பட்டை காணோமே என்று தகட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வராத பட்டைதான் மூலக்கூறு எந்த வாக்கில் நிற்கிறது என்று சொல்கிறது. அலுமினியத்தில் இரண்டு பட்டைகளும் தெரிந்தால், தலை கொஞ்சம் ஒருபக்கமாகச் சாய்ந்து பிடித்திருக்கிறது என்று பொருள். பரப்பு கரடுமுரடாக இருந்தாலும் அப்படித் தெரியும் என்பதால் மெருகேற்றிய தகட்டில் எடுங்கள்.

வால் பகுதியையும் விடக் கூடாது. ஸ்டியரிக் அமிலத்தின் 18 கார்பன் சங்கிலி ஏறக்குறைய 2.5 நானோமீட்டர் நீளம், நிமிர்ந்து நின்றால் அதற்கு வேண்டிய இடம் சுமார் 0.2 சதுர நானோமீட்டர். ஒரு சதுர நானோமீட்டரில் ஐந்து மூலக்கூறுகள். அவை நாற்றங்காலில் நெருங்கி நிற்கும் நாற்றுபோல ஒன்றையொன்று தாங்கி நிற்பதால்தான் தண்ணீர் உள்ளே நுழைய முடியவில்லை. 1946-இலேயே ஜிஸ்மனும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிளாட்டினத்தின் மேல் இத்தகைய ஒற்றை அடுக்குகளைப் படியவைத்தார்கள்; அலுமினியத்தின் மேல் கொழுப்பு அமிலங்களை 1985-இல் அல்லாராவும் நூஸோவும் நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். சங்கிலி குட்டையானால் அடுக்கு கலைந்துபோகும். தலை எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் அசிட்டிக் அமிலத்தால் தண்ணீரை முத்தாக நிறுத்த முடியாது.

வால் இன்னொன்றையும் தீர்மானிக்கிறது. புளியால் பித்தளைக் குடத்தைத் தேய்க்கும்போது நடப்பதும் இதே பிணைப்புதான். புளியின் டார்டாரிக் அமிலம் பரப்பிலுள்ள தாமிர அயனியைக் கார்பாக்சிலேட்டுகளால் பிடிக்கிறது. ஆனால் அதற்கு நீண்ட வால் இல்லை, தண்ணீரில் கரையும் ஹைட்ராக்சில்கள் இருக்கின்றன. பிடித்த அயனியை ஆக்சைடிலிருந்து பெயர்த்துக்கொண்டு தண்ணீரோடு போய்விடுகிறது; கறை நீங்குகிறது. ஸ்டியரேட்டு தண்ணீரில் கரையாது, அதனால் பிடித்த இடத்திலேயே தங்கிப் பூச்சாகிறது. எவர்சில்வரை சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துத் துருவிலிருந்து காப்பதும் புளி வேலைதான். மேலே இருக்கும் இரும்பை அது பெயர்த்தெடுத்துவிட, குரோமியம் ஆக்சைடு மிஞ்சுகிறது.

சோதனையில் ஒரு பொறி இருக்கிறது, சேலத்தில் அது முக்கியம். தகட்டை ஆழ்குழாய்த் தண்ணீரில் அலசவே அலசாதீர்கள். நம் பக்கத்துக் கடினநீரில் கால்சியமும் மக்னீசியமும் தாராளம். ஒட்டாமல் மிஞ்சிய ஸ்டியரிக் அமிலம் அவற்றோடு சேர்ந்து கரையாத சோப்பாகத் தகட்டின் மேல் படியும். தண்ணீர் முத்தாக நிற்கும், ஐ.ஆரில் கார்பாக்சிலேட்டும் வரும். பார்த்தால் அசல் ஒற்றை அடுக்கு போலவே இருக்கும். 1577-க்கும் 1541-க்கும் அருகில் இரட்டையாகப் பட்டை தெரிந்தால் கால்சியம் ஸ்டியரேட்டு என்று சந்தேகப்படுங்கள். முதலில் ஆல்கஹால், பிறகு வடிநீர், இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அப்பாவின் கேள்விக்கு: ஸ்டியரிக் அமிலம் கொலுசுக்கு உதவாது. கொலுசு கறுப்பது காற்றிலும் வியர்வையிலும் வரும் கந்தகச் சேர்மங்களால், உண்டாவது வெள்ளி சல்ஃபைடு. ஆக்சிஜன் வழியாகப் பிடிக்கும் தலை வெள்ளியில் கந்தகத்தோடு போட்டி போட முடியாது. கந்தகம் வந்ததும் கார்பாக்சிலேட்டு இடத்தைக் காலிசெய்துவிடும். அதே 18 கார்பன் சங்கிலியின் முனையில் அமிலத்துக்குப் பதில் தயால் (கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த) தொகுதி இருந்தால், கந்தகமே வெள்ளியைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கான அடுக்காக நிற்கும். கடைகளில் வெள்ளிக்கென்று விற்கும் கறுப்புத் தடுப்புத் திரவங்கள் சிலவற்றில் இருப்பது இதுதான். காலில் உரசும் நகையில் அதுவும் நிரந்தரம் இல்லை. விற்பனைக்கு அடுக்கி வைத்திருக்கும் சரக்குக்குப் பலன் இருக்கும்.

அவருக்கு நேரில் காட்ட வேண்டுமானால், ஒரே தகட்டிலிருந்து மூன்று துண்டு வெட்டி, ஒன்றை அப்படியே, ஒன்றை ஸ்டியரிக் அமிலத்தில் ஊறவைத்து, ஒன்றைத் தயாலில் ஊறவைத்து, மூன்றையும் ஆல்கஹாலில் அலசுங்கள். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவோடு மூடிய டப்பாவில் ராத்திரி முழுக்க வையுங்கள். துண்டுகள் கருவைத் தொடக் கூடாது, ஆவி மட்டும் பட வேண்டும். காலையில் மூன்றையும் வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, ஆய்வேட்டில் ஐ.ஆர். படங்களுக்கு அடுத்த பக்கத்தில் சேருங்கள்.